சூடான கல்லும் மரத்துப்போன காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மசாஜ் நிலையங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் நான் படித்ததெல்லாம் போலீஸ் சோதனைச் செய்திகள்தான். இன்ன தெரு, இன்ன மாடி, இத்தனை பேர் பிடிபட்டார்கள், கடைக்குச் சீல். அது வர வேண்டிய செய்திதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முறையாக உரிமம் வாங்கி, பில் போட்டு, ஹோட்டலுக்கு உள்ளேயே நடக்கிற ஸ்பாக்களும் புதுச்சேரியில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் அங்கே போகிறார்கள். அறுபதைத் தாண்டிய என்னைப் போன்ற பெண்களும் போகிறார்கள். அங்கே உடம்புக்கு என்ன செய்கிறார்கள், அது யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஆகாது என்று ஒரு செய்தி என் கண்ணில் பட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் என் புலம்பலை வெட்டிக்கொள்ளுங்கள். கால் விரல் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பிற்பகுதி முழுக்க அறுவைச் சிகிச்சை வார்டில். அந்த வார்டில் எப்போது பார்த்தாலும் சர்க்கரைப் புண்ணோடு நாலைந்து பேர் படுத்திருப்பார்கள். தினமும் காலையில் டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு முதலில் போவது அவர்கள் கட்டிலுக்குத்தான். எனக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. எங்கள் வீட்டில் காபிக்கு மட்டும்தான் சர்க்கரை இல்லை.

கனடாவில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். கடலூர் வீட்டில் ஏசி போதவில்லையோ என்னவோ, புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கும் இடத்தில் அறை போட்டு, எங்களையும் அழைத்துப் போனார்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி 20 சொச்சம் கிலோமீட்டர். இதைப் போய்ப் பயணம் என்றால் பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று அந்தச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குத் தெரியும். ஜிப்மருக்கு அனுப்புகிற நோயாளிகளோடு ஆம்புலன்சில் போன வழி. பெட்டியும் படுக்கையுமாக, கடற்காற்று வாங்கவென்று போனது இதுதான் முதல் தடவை.

மகள் எனக்கென்று ஹாட் ஸ்டோன் மசாஜுக்குச் சொல்லி வைத்திருந்தாள். சூடான கல்லை வைத்து உடம்பைத் தேய்த்துவிடுவது. ஒன்றரை மணி நேரத்துக்கு 3,500 ரூபாய், வரி தனி. "அந்தக் காசுக்கு ரெண்டு அம்மிக்கல் வாங்கி வீட்டோட வச்சுக்கலாமே" என்றார் எங்கள் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு காந்தி சிலைப் பக்கம் காற்றாட உட்காரப் போய்விட்டார்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். முழுக்க ஆங்கிலம். பெயர், அறை எண், கைப்பேசி எண், எந்த எண்ணெய் வேண்டும், அழுத்தம் மெதுவாகவா பலமாகவா, எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். அடியில் பொடி எழுத்தில், எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லை என்று இரண்டு வரி. அதற்குக் கீழே கையெழுத்து. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமாக இருக்கிறீர்களா, உடம்பில் எங்காவது புண் உண்டா என்பதில் ஒன்றுகூட இல்லை.

சரி, நாமே சொல்வோம் என்று, "எனக்கு சுகர் இருக்கும்மா, காலில் கல் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம். சுகர் உள்ளவங்க நிறைய பேர் வர்றாங்க. ரத்த ஓட்டத்துக்கு ரொம்ப நல்லது" என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்குத் திக்கென்றது. இதே பதிலை வார்டில் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். காலை வெந்நீரில் ஊற வைத்தால் ரத்த ஓட்டம் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், சூடு வைத்தால் மரத்துப்போனது சரியாகும் என்று பஸ்ஸில் வந்தவர் சொன்னார் என்று. அப்படிச் சொன்ன யாரும் டிரெஸ்ஸிங் நேரத்தில் பக்கத்தில் இருந்ததில்லை.

உள்ளே அறை அரை இருட்டாக இருந்தது. எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசனை. மசாஜ் செய்ய வந்த பெண் மிசோரம் மாநிலத்தவள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "சூடா? போதுமா? வலிக்குதா?" என்ற மூன்று கேள்விகளைத் தமிழில் சுத்தமாகக் கேட்டாள். மற்றதெல்லாம் அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையும். என்னை "அம்மா" என்றாள். மூலையில் மின்சாரத்தில் சூடாகும் ஒரு தொட்டி. தண்ணீருக்கடியில் வழவழவென்று கறுப்புக் கற்கள். முதுகுக்கு உள்ளங்கையை நிறைக்கும் அளவில், கழுத்துக்கு அதைவிடச் சின்னதாக, கால் விரல் இடுக்கில் செருக ஐந்து ரூபாய் நாணய அளவில் என்று தனித்தனிக் கற்கள். ஓட்டை போட்ட மரக்கரண்டியால் அள்ளி, துண்டில் ஒற்றி, எண்ணெய் தடவி, தன் உள்ளங்கையில் ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் வைத்து இழுத்தாள்.

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லிச் சாடை காட்டினாள். மாட்டேன் என்றேன். உலோகம் சூட்டைச் சட்டென்று வாங்கித் தோலுக்குக் கொடுத்துவிடும், அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் வற்புறுத்தவில்லை. கொடியை முன்பக்கமாகத் தள்ளி, ஒரு சின்னத் துண்டில் சுற்றி ஒதுக்கிவிட்டாள். நம் ஊர்ப் பெண்களைப் பார்த்துப் பழகியவள் என்று தெரிந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சுகமாக இருந்தது. ஆளைத் தூக்கி உட்கார வைத்து, புரட்டிப் படுக்க வைத்து, ஸ்ட்ரெச்சர் தள்ளித் தேய்ந்த முதுகு என்னுடையது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் அந்தக் கல் மெதுவாக இறங்கி ஏறியபோது, இறுகிக் கிடந்த தசை தானாக இளகியது. தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே, நர்சுகளுக்கென்றே ஒரு முடிச்சு உண்டு. அங்கே கல்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தாமல் கல்லின் விளிம்பால் வட்டம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் நான் குறட்டை விட்டதாக மகளிடம் அப்புறம் சொல்லியிருக்கிறாள்.

மல்லாந்து படுத்த பிறகுதான் விஷயமே. தொட்டியிலிருந்து அந்த நாணய அளவுக் கற்களை எடுத்துவந்து கால் விரல் இடுக்குகளில் செருகப் போனாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே கல்லே வேண்டாம், வெறும் கையால் எண்ணெய் தேய்த்தால் போதும் என்று சொல்லி, "டயபடீஸ்" என்றேன். அவளுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. ஆனால் அதற்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பு அவளுடையது இல்லை. என் மெட்டி வேறு வெள்ளி; பல வருடமாக அது விரலை விட்டுக் கழன்றதே இல்லை. அதை ஒட்டிச் சூடான கல் உட்கார்ந்தால் மெட்டியும் சேர்ந்து சுடும்.

சம்பந்தம் இதுதான். சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடும், நரம்புக்குச் சோறு போடும் மெல்லிய ரத்தக் குழாய்களும் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போவதால் அங்கேதான் முதலில் பிடிக்கும். சாக்ஸ் போட்டால் எதுவரை மூடுமோ அந்த இடமெல்லாம் மெல்ல மெல்ல மரத்துப்போகும். சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் இருக்கும். பலருக்கு எதுவுமே இருக்காது, அதனால் கால் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் "சூடா? போதுமா?" என்று கேட்டு என்ன பயன்? சூடு தெரிந்தால்தானே சொல்வார். அந்தப் பெண் கேட்கிற கேள்வி நல்ல கேள்விதான். முதுகுக்கு அது சரி, காலுக்குச் செல்லாது.

வார்டில் பார்த்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். செருப்பு வாரில் இருந்த ஆணி பாதத்தில் ஏறியது தெரியாமல் அதே செருப்போடு நடந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் எஞ்சின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து வந்து, இறங்கும்போது பாதத்தில் கொப்புளத்தோடு இறங்கியவர்கள் உண்டு. கோடை நாட்களில் கோயிலுக்குப் போய், உச்சி வெயிலில் கல் பாவிய பிரகாரத்தை வெறுங்காலால் சுற்றிவிட்டு மறுநாள் உள்ளங்கால் தோல் உரிந்து வருவார்கள். "சாமி சோதிக்குது சிஸ்டர்" என்பார்கள். ஒரு பெரியவருக்கு மருமகள் பாசமாக வெந்நீர்ப் பை வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் பார்த்தால் குதிகால் வெந்திருந்தது. ராத்திரி முழுக்க அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. சர்க்கரைக்காரர் காலில் வந்த புண் எளிதில் ஆறாது. ரத்தம் போய்ச் சேரும் வழி ஏற்கெனவே குறுகியிருக்கும், கிருமி சேர்ந்தால் எலும்புவரை இறங்கும். ஒரு சின்னக் கொப்புளம் விரலை எடுக்கிற வரையில் போனதையும் பார்த்திருக்கிறேன்.

இதை நான் ஊதிப் பெரிதாக்குவதாக நினைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று செய்தி வந்ததே, அதேதான். அதில் மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம். அடுத்த இடத்தில் 26.3 சதவீதத்தோடு நம் புதுச்சேரி. நாட்டின் சராசரி 11.4 சதவீதம்தான். இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் புதுச்சேரியில் நாலு பேருக்கு ஒருவர் என்று கணக்கு. இரண்டுமே கடற்கரை, இரண்டுமே சுற்றுலா ஊர், இரண்டிலுமே ஸ்பாவுக்குப் பஞ்சமில்லை. உள்ளூர்க்காரர் ஸ்பாவுக்குப் போவதில்லை என்று யாராவது சொன்னால், சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார் கார்களாக வந்து இறங்குகிறவர்களுக்குச் சர்க்கரை இல்லையா என்று கேட்பேன்.

இனி அந்தத் தொட்டிக்கு வருகிறேன். அதன் முன்பக்கத்தில் ஒரு திருகு. குறைவு, நடு, அதிகம் என்று மூன்று கோடு. எத்தனை டிகிரி என்று எண் கிடையாது. இந்த வேலையில் கற்களைப் பொதுவாக 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான தண்ணீரில் வைத்திருப்பார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று 1947-லேயே அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். தோலில் 60 டிகிரிச் சூடு பட்டால் சுமார் 5 நொடியில் ஆழமாக வெந்துவிடும். 55 டிகிரி என்றால் அரை நிமிடம்போல ஆகும். 50 டிகிரிக்கு ஐந்து நிமிடம்போல. 44 டிகிரியே ஆனாலும் ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோல் கெடும்; அந்தப் பெரியவரின் குதிகால் கதை இதுதான். கல் ஓடிக்கொண்டே இருந்தால் பயமில்லை, ஓரிடத்தில் தங்காது, போகப் போக ஆறியும்விடும். ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போகிற கல்லுக்குத்தான் கவனம் வேண்டும். அதைவிடக் கவனம் வேண்டியது, கல்லின் மேல் நம்மைப் படுக்க வைக்கும்போது. உடம்பின் பாரம் அழுத்த அழுத்த அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்படும். சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆளில்லாமல் அங்கேயே தேங்கும். நடுவில் மடித்த துண்டு இல்லாமல் அப்படிச் செய்யவே கூடாது.

"கையில வச்சுப் பாத்துத்தான் வைப்போம்" என்று வரவேற்பில் அப்புறம் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் கையை நான் பார்த்தேன். நாள் முழுக்க வெந்நீரிலும் எண்ணெயிலும் ஊறி, விரல் நுனித் தோல் தடித்து, ஓரங்களில் உரிந்திருந்தது. அந்தக் கைக்குப் பொறுக்கிற சூடும் என் முதுகுக்குப் பொறுக்கிற சூடும் ஒன்றாக இருக்குமா? வார்டில் குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்ப்போம், உள்ளங்கையை நம்ப மாட்டோம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தொட்டியில் போட்டால் வேலை முடிந்தது. காய்ச்சல் பார்க்கிற பாதரசத் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள். அது 42 டிகிரியோடு நின்றுவிடும், அதற்கு மேல் சூடுபட்டால் உடையும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, 100 டிகிரி வரை காட்டுவது, அது போதும். ஒரு மசாஜுக்கு வாங்கும் காசில் தொட்டிக்கு ஒன்று வாங்கி வைத்துவிடலாம்.

அந்த ஸ்பாவின் கையேட்டில் இது ஐயாயிரம் வருடப் பழைமை என்று போட்டிருந்தார்கள். சூடான கல்லை வலிக்கு வைப்பது பல நாடுகளில் இருந்திருக்கும், நம் பாட்டிமார் செங்கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தார்கள், தவிட்டையும் உப்பையும் வறுத்துக் கட்டினார்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் ஒற்றடமும் உண்டு, எண்ணெய் போட்டுப் பிடித்துவிடும் தொக்கணமும் உண்டு. ஆனால் இன்று ஸ்பாக்களில் செய்கிற இந்த முறை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேரி நெல்சன் என்ற மசாஜ் செய்யும் பெண் 1993-ல் தொடங்கியது. கல்லும் நம் ஊர்க் கல் இல்லை, பசால்ட். எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூட்டை விடாமல் வைத்திருக்குமே, அப்படி வைத்திருக்கும் என்பதால்தான் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். நிலவியலில் கடலூர் பெயரிலேயே ஒரு பாறை இருக்கிறது, ஆனால் அது மணற்பாறை. இந்த வேலைக்கு உதவாது. அதே கையேட்டில், உடம்பின் நச்சையெல்லாம் கல் உறிஞ்சிவிடும் என்றும் ஒரு வரி. நச்சை வெளியேற்றச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. கல்லுக்கு அந்த வேலை கிடையாது. தசை இளகும், தோலில் ரத்தம் கூடும், ரெண்டு நாளைக்கு முதுகு லேசாக இருக்கும். கொடுத்த காசுக்கு அதுவே போதும் என்று தோன்றியது எனக்கு.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளம்பும்போது அவள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். தோழிகளோடு வாடகை வீட்டில். வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் ஹோட்டலில் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களாம், ஸ்பா என்று சொன்னால் வீடு கிடைக்காது. ஆசிரியர் ஐயா, உங்கள் நாளிதழில் வரும் போலீஸ் செய்திகளை வீடு வாடகைக்கு விடுகிறவர்களில் யார் யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். கெட்டது செய்கிறவர்களைப் பற்றி எழுதுங்கள். ஆனால் உடம்பு நோக உழைத்துச் சம்பாதிக்கிற பெண்கள் அதே தொழிலில் இருக்கிறார்கள் என்று எப்போதாவது ஒரு பத்தியாவது எழுதலாம்.

அந்தக் கெட்ட பெயரால் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடு பட்டவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர், அவரும் சர்க்கரைக்காரர்தான், வேறு ஊருக்குச் சுற்றுலா போனபோது இதே மசாஜ் செய்துகொண்டு பாதத்தில் கொப்புளத்தோடு வந்தார். வீட்டில் கேட்டதற்கு வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டார். "மசாஜுக்குப் போனேன்னு மாமியார் கிட்ட எப்படிக்கா சொல்றது?" என்றார் என்னிடம். புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. போன இடத்தில் ஒரு புகார்கூடச் செய்யவில்லை. புகாரே வராத தொழிலில் யார் தெர்மாமீட்டர் வாங்குவார்கள்?

பயணத்தில் இருப்பவர்களுக்கு வேறு சில கவனங்களும் உண்டு. என் மாப்பிள்ளை விமானத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வந்து இறங்கியவர். கால் வீங்கியிருக்கிறது, நமக்கும் ஒரு மசாஜ் போடலாமா என்றார். இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கினால் நடந்தாலே வடியும். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாகவும் இருந்தால் மசாஜ் மேசை பக்கமே போகக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அவருக்கு இரண்டு காலும் சமமாகத்தான் இருந்தன. கடற்கரைச் சாலையில் நடக்க அனுப்பிவிட்டேன். இதய நோய்க்கு ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பலமாக அழுத்தினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். பாரடைஸ் பீச்சில் பகல் முழுக்கக் கிடந்து முதுகு சிவந்து வருகிறவர்களுக்கு அன்றைக்குக் கல் வேண்டாம். அப்புறம், புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதற்காக வருகிறார்கள் என்று ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் கேட்டால் சொல்வார்கள். குடித்துவிட்டு இந்தச் சூட்டில் படுத்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார்கள். சூட்டின் அளவும் சரியாகத் தெரியாது.

கால் உணர்வைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஆஸ்பத்திரியில் என்றால் நைலான் இழை வைத்து அழுத்திப் பார்ப்போம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஊர் மருத்துவமனையில் அதைவிட எளிதாக ஒன்று கண்டுபிடித்தார்கள், யாரும் செய்யலாம். சோதித்துக்கொள்பவர் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். இன்னொருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு இடம். இரண்டு இடத்திலோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் தன்னைக் காத்துக்கொள்ளாது. சூடான கல், வெந்நீர்ப் பை, வெறுங்கால் பிரகாரம் எல்லாம் விலக்கு. ஹோட்டல் அறையில் மகளை விட்டு எனக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் செய்து பார்த்தேன். எனக்கு இடது சுண்டுவிரலும் நடுவிரலும் தெரியவில்லை. இது எனக்குப் பழைய சேதி. அவருக்கு வலது காலில் மூன்றுமே தெரியவில்லை. அவர் மசாஜுக்கு வர மாட்டேன் என்றது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் "ஒண்ணும் தெரியலையே, இன்னும் கொஞ்சம் சூடா வைங்க" என்று கேட்டிருப்பார்.

கேட்பது இவ்வளவுதான். உரிமம் கொடுக்கும் அதிகாரிகள், ஒவ்வொரு ஸ்பாவிலும் தமிழில் ஒரு உடல்நலப் படிவம் இருக்கிறதா, கல் சூடாக்கும் தொட்டியில் டிகிரி காட்டும் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுப்பித்துக் கொடுக்கட்டும். சர்க்கரை உண்டு என்று சொல்பவரின் முழங்காலுக்குக் கீழே கல் வைக்கக் கூடாது என்று மசாஜ் செய்கிற பெண்களுக்கு அவர்களுக்குப் புரிகிற மொழியில் முதலாளிகள் சொல்லிக் கொடுக்கட்டும். நீங்கள் வாரா வாரம் போடும் மருத்துவப் பக்கத்தில் அந்த விரல் தொடும் சோதனையைப் படத்தோடு போடுங்கள். படம் வரைய ஆள் வேண்டுமானால் எங்கள் வீட்டுக்காரர் காலை நீட்டித் தருவார்.

படிவத்தை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான், பெரிய எழுத்து, ஆம் இல்லை என்று டிக் போட்டால் போதும். கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்த ஸ்பாக்காரர் கேட்டாலும் காசில்லாமல் தருகிறேன். என் முகவரி உறையில் இருக்கிறது. அச்சில் போட வேண்டாம், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.